ஹெச்.ஆர். வேலைக்கு எந்த வாசல்?

ஹெச்.ஆர். வேலைக்குப் போக ஆசைப்படுகிற பிள்ளைகளிடம் ஏன் என்று கேட்டால், "எல்லாரோடயும் நல்லா பேசுவேன் சார்" என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த நாற்காலி எப்படி வந்தது தெரியுமா?

ஒரு காலத்தில் ஆலைக்கு ஆள் எடுத்தவர் மேஸ்திரி. வேலை வேண்டுமா? அவருக்கு மாமூல். வேலை நிலைக்க வேண்டுமா? அதற்கும் மாமூல்! இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த, விட்லி தலைமையிலான பிரிட்டிஷ் அரச ஆணையம் 1931-இல், ஆள் எடுக்கும் பொறுப்பை மேஸ்திரியிடமிருந்து வாங்கி, அதற்கென ஓர் அலுவலரிடம் கொடுங்கள் என்றது. பிறகு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் இருந்தே ஆக வேண்டும் என்றது. இன்றைய ஹெச்.ஆர். அந்த வழியில் வந்தவர்.

ஆக, இந்த வேலையின் வேர் பேச்சில் இல்லை, தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது. அதனால், புதிதாக வருபவருக்கு நல்ல வாசல் சம்பளப் பட்டியல் போடும் மேஜைதான் என்பேன். பலருக்கு அது பிடிப்பதில்லை, கணக்குப்பிள்ளை வேலையாம்! ஆனால் சட்டம் கணக்காக மாறுவது அங்கேதான். வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம் எந்தத் தொகையில் பிடிப்பது? பணிக்கொடை கணக்கிடும்போது மாதச் சம்பளத்தை 30-ஆல் வகுக்காமல் 26-ஆல் வகுக்கிறார்களே, ஏன்? வாராந்திர விடுமுறையைக் கழித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். தொழிலாளிக்கு அதில் தொகை கொஞ்சம் கூடும். நேர்முகத் தேர்வில் இதை விளக்கிச் சொல்கிறவரை மேலாளர் நிமிர்ந்து பார்ப்பார்.

முறையாகப் படிக்க விரும்புவோருக்குச் சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இருக்கிறது. அரசு நடத்துவது. விசாரித்துப் பாருங்கள்.