காப்பது துமுக்கியா, கட்டமைந்த ஊரா?

(திருவண்ணாமலையில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)



வீடு புகுந்து கொள்ளை நிகழ்ந்தது என்னும் செய்தி வரும்பொழுதும், நடுத்தெருவில் ஒருவர் வெட்டுண்டு வீழ்ந்தார் என்னும் செய்தி வரும்பொழுதும், மக்களிடை ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. 'தன்னையும் தன் பெண்டு பிள்ளைகளையும் காத்துக்கொள்ளத் தனியொருவன் துமுக்கி வைத்துக்கொண்டால் என்ன?' என்பதே அக்கேள்வி. (துப்பாக்கி என்பது அயல்வழி வந்த சொல், துமுக்கி என்பது தமிழ்ச்சொல்.) இக்கேள்வியை எழுப்புவோர் அனைவரும் வன்முறையாளர் அல்லர். அச்சமே அவர்களை அவ்வாறு கேட்கச் செய்கின்றது. ஆகலின் அதனை எள்ளி ஒதுக்காது, அடிமுதல் ஆராய்ந்து விடைகாண்பதே அறிவுடைமை.

அச்சத்திற்குக் கரணியம் இல்லாமலில்லை. முழுநிலவுதோறும் மலைவலம் வரும் இலக்கக்கணக்கான மக்களைத் தாங்குவது இத் திருவண்ணாமலை நகர். கார்த்திகை விளக்கீட்டிற்கு ஆயிரக்கணக்கில் காவலர் இங்குக் குவிக்கப்பெறுகின்றனர். அத்தகைய நகரிலும், அதன் சுற்றுவட்டாரத்திலும், 2023 பிப்பிரவரியில் ஒரே இரவில் நான்கு தானியங்கிப் பணப்பொறிகள் வளிவெட்டியால் அறுக்கப்பெற்று, எழுபது இலக்க உருவாக்கு மேல் கொள்ளைபோயிற்று. 2012 சூலையில், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தைக் கைக்கொண்டு முறைகேடுகளை வெளிப்படுத்தி வந்த ஒருவர் இந்நகரிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 செப்டம்பர் இறுதியிலோ, இந்நகரின் புறவழிச்சாலையில், இரவுக் காவலில் இருந்த காவலர் இருவரே இளம்பெண் ஒருத்தியை வன்புணர்ந்தனர் என்னும் குற்றச்சாட்டில் தளையிடப்பெற்றுப் பணியினின்றும் நீக்கப்பெற்றனர். வேலியே பயிரை மேய்ந்தது என்னும் குற்றச்சாட்டு எழுந்த ஊரில், 'காவலரை நம்புங்கள்' என்று வாளா சொல்லிவிட்டுப் போவது எவர்க்கும் எளிதன்று.

எனினும், கேள்வி உண்மையானது என்பதாலேயே அதற்குக் கூறப்பெறும் விடையும் உண்மையாகிவிடாது. நோய் உண்மை, ஆயின் கொடுக்கப்பெறும் மருந்து நோயைத் தீர்க்குமா, நோயாளியைத் தீர்க்குமா என்று பார்த்தல் வேண்டும்.

துமுக்கி வைத்திருப்பது பிறப்புரிமை என்போர் முதற்கண் எடுத்துக்காட்டுவது வரலாற்றை. அதில் உண்மை உண்டு. மருதிருவர் முன்னின்ற விடுதலைப் போர் முறியடிக்கப்பட்டபின், 1801 திசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவு விடுத்த அறிக்கையின்வழிப் பாளையக்காரர்தம் கோட்டைகள் தகர்க்கப்பட்டன. தமிழ் மறவர்தம் படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. 1878-இல் இலிட்டன் கொணர்ந்த படைக்கலச் சட்டமோ, இந்நாட்டவன் உரிமம் பெற்றே துமுக்கி வைத்தல் வேண்டும் என்றும், வெள்ளையனுக்கு அக்கட்டு இல்லை என்றும் வகுத்தது. அடிமைப்படுத்தியவன் முதலில் பறித்தது படைக்கருவியையே என்பது மறுக்கவொண்ணாதது. அதனாலன்றோ 1931-இல் கராச்சியில் கூடிய பேராயக் கட்சி, ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டுப் படைக்கலம் தாங்கும் உரிமையையும் குடிமக்கள் உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்துத் தீர்மானித்தது!

ஆயின் 1948 திசம்பரில் அரசியலமைப்பு அவையில் அவ்வுரிமையைச் சேர்க்குமாறு திருத்தம் கொணரப்பட்டபொழுது, அதனை ஏற்கலாகாது என்று மறுத்தவர் அண்ணல் அம்பேத்கர். ஆயிரமாண்டு ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர், ஒடுக்குவோனை நேரில் கண்டவர், ஏன் மறுத்தார்? எல்லார்க்கும் திறந்துவிடப்பெறும் படைக்கல உரிமை, கள்வனுக்கும் கொடியவனுக்கும் சேர்த்தே திறந்துவிடப்பெறும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். உடைமையும் ஆள்வலியும் உடையவனிடம் பத்துக் குழல்கள் சேரும். கூலியாளிடம் ஒன்றும் சேராது. ஏற்றத்தாழ்வு நிறைந்த குமுகாயத்தில் பொதுவாக அளிக்கப்பெறும் படைக்கலம் வலியவனின் வலிமையையே பெருக்கும்.

அதன்பின் வந்ததே 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம். உரிமமின்றி எவரும் துமுக்கி வைத்திருத்தலாகாது என்பது அதன் அடிப்படை. 1983-இல் ஒருவர்க்கு மூன்று என வரம்பு கட்டப்பெற்றது. 2019-இல் அது இரண்டாகக் குறைக்கப்பெற்றது. தேர்தல் அறிவிக்கப்பெற்றதும், உரிமம் பெற்றோரும் தத்தம் துமுக்கிகளைக் காவல்நிலையத்தில் ஒப்படைக்குமாறு பணிக்கப்படுகின்றனர் என்பதைப் பலரும் அறிவர். அஃதாவது, ஊரில் பகை முற்றும் காலத்தில், துமுக்கி வீட்டில் இருப்பது காப்பன்று, கேடே என்பதை அரசே ஒப்புக்கொள்கின்றது.

துமுக்கி வைத்திருப்பவன் எவனைச் சுடுகின்றான்? கொள்ளையனையா? 1967 சனவரி 12-ஆம் நாள் சென்னை இராமாவரம் தோட்டத்தில் வெடித்த துமுக்கியைத் தமிழகம் மறக்கவில்லை. பல படங்களில் ஒருங்கு நடித்த இருவர், பேசிக்கொண்டிருந்த ஓர் அறையில், நொடிப்பொழுதில் குண்டடிபட்டு வீழ்ந்தனர். ம.கோ. இராமச்சந்திரனின் கழுத்தில் பாய்ந்த குண்டு அவர் குரலையே மாற்றியது. நடிகர் இராதா சிறை சென்றார். அறிமுகமற்ற பகைவன் ஒருவனும் அங்கு வரவில்லை. நண்பரிடை எழுந்த சினத்திற்குக் கையருகில் துமுக்கி கிடைத்தது, அவ்வளவே.

இனி, துமுக்கி உரிமையைத் தன் அரசியலமைப்பிலேயே 1791-இல் எழுதிக்கொண்ட அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கு மக்கள் தொகையினும் மிகுதியாக ஏறத்தாழ 39 கோடித் துமுக்கிகள் பொதுமக்கள் கையில் இருப்பதாக 2018-இல் வெளியான உலகக் கணிப்பொன்று கூறிற்று. துமுக்கியே காப்பாயின், உலகிலேயே அச்சமற்ற நாடு அதுவாக இருத்தல் வேண்டுமே! ஆனால் 2021-ஆம் ஓராண்டில் மட்டும் அங்குத் துமுக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவருள் கொலையுண்டோர் 20,958 பேர். தம்மைத்தாமே சுட்டு மாய்ந்தோர் 26,328 பேர். பாதிக்கு மேற்பட்டோரைக் கொன்றது பகைவன் கையன்று, அவரவர் கையே! கள்வனுக்கென்று வாங்கி வைத்த கருவி, வீட்டிலுள்ள மனம் உடைந்த மகனுக்கோ கடனில் ஆழ்ந்த தந்தைக்கோ எமனாயிற்று.

இது தமிழர்க்குத் தொலைவிலுள்ள செய்தியன்று. தற்கொலை எண்ணிக்கையில் முன்வரிசையில் நிற்கும் மாநிலங்களுள் தமிழகமும் ஒன்று. கைக்கெட்டும் இடத்தில் நஞ்சிருந்தால் ஒரு நாழிகைத் துயரம் ஓர் உயிரைக் குடித்துவிடுகின்றது. கொடிய பூச்சிக்கொல்லிகளை 1995 முதல் ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்த இலங்கையில், அடுத்த இருபதாண்டுகளில் தற்கொலை வீதம் பாதிக்கும் கீழாகத் தாழ்ந்தது. துயரம் குறைந்ததன்று, கொல்லும் பொருள் கைக்கு எட்டாமற் போயிற்று. நஞ்சுக்குப் பொருந்தும் உண்மை துமுக்கிக்கும் பொருந்தும்.

'அங்ஙனமாயின் துமுக்கியை முற்றாக ஒழித்துவிட்டால் போதுமே' என்பார் சிலர். அவ்விடையும் அரைகுறையானதே. மேலவளவில் 1997 சூன் 30-ஆம் நாள் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன்சென்றோரையும் வெட்டிச் சாய்த்தது துமுக்கியன்று, அரிவாள். வெண்மணியில் 1968 திசம்பர் 25-ஆம் நாள் நாற்பத்துநான்கு உயிர்களை விழுங்கியது தீ. கருவி எதுவாயினும், கொலைக்கு வேர் வேறிடத்தில் உள்ளது. அவ்வேர், கேட்பாரற்ற ஆதிக்கம். ஒடுக்கப்பட்டோர் தாக்கப்படும் இடங்களில் ஆதிக்கச் சாதியாரின் துமுக்கி உரிமங்களை நீக்கவும், உரிமமின்றி வைத்திருப்பவற்றைப் பறிக்கவும், தேவைப்படின் ஒடுக்கப்பட்டோர்க்கே உரிமம் வழங்கவும், 1995-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் மூன்றாம் விதி வழிசெய்துள்ளது. அரசு அவ்விதியின் முதலிரு பகுதிகளை நேர்மையுடன் நிறைவேற்றினால், மூன்றாம் பகுதிக்குத் தேவையே எழாது.

இனி, இம்மாவட்டத்தின் மேற்கே நிற்கும் சவ்வாது மலையை நோக்குதல் வேண்டும். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் வரகும் விளைவிப்போர். வாய்வழி மருந்திட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துமுக்கி அவர்க்குக் கொலைக்கருவியன்று. காட்டுப்பன்றியிடமிருந்து விளைச்சலைக் காக்கும் கருவி. உரிமமற்ற அத்துமுக்கிகளை ஒப்படைக்குமாறு அவ்வப்பொழுது மலையூர்களில் அறிவிப்புச் செய்யப்படுகின்றது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உரிமமின்றி வைத்திருப்போர்க்கு இரண்டாண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டம் உண்டு.

ஆனால் அதே 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு கூறுவது யாது? உண்மையாகவே பயிர்க்காப்பிற்கென வாய்வழிக் கெட்டிக்கும் துமுக்கியை வேண்டுவோர்க்கு உரிமம் வழங்குதல் வேண்டும் என்பதே! தகுதியின்மை இருந்தாலன்றி மறுத்தல் ஆகாது. சட்டம் கதவைத் திறந்து வைத்துள்ளது. ஆயின் அக்கதவு மலையடிவாரத்திற்கும் அப்பால், எழுத்தர்களும் படிவங்களும் நிறைந்த அலுவலகத்தில் உள்ளது. மலையேறி வந்து உரிமம் தருவாரில்லை. மலையேறி வந்து பறிப்பார் உண்டு. குடகு நாட்டிலோ, வெள்ளையராட்சிக் காலத்தே அளிக்கப்பெற்ற உரிமவிலக்குக் குடவர்க்கு இன்றளவும் தொடர்கின்றது. 2019-இல் நடுவணரசு அதனை 2029 வரை நீட்டித்தது. 2021-இல் கருநாடக உயர்முறைமன்றமும் அதனை ஏற்றது. குடவனுக்கு மரபு என்று மதிக்கப்பெறுவது, சவ்வாது மலைத் தமிழனுக்குக் குற்றம் என்று எழுதப்பெறுவது எவ்வகை முறை?

இம்மலை மக்களை நோக்கி வெடித்த துமுக்கி வேறொன்றும் உண்டு. 2015 ஏப்பிரல் 7-ஆம் நாள், ஆந்திரத்தின் சேசாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தனர் என்று இருபது பேர் அம்மாநிலச் சிறப்புக் காவற்படையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் ஏழைக் கூலிகள். கல்லும் கோடரியும் கொண்டு தாக்கினர். ஆகவே தற்காப்பிற்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. வழியில் பேருந்தினின்றும் இறக்கிக் கொண்டுசெல்லப்பட்டவரும் அவருள் உண்டு என்றனர் உயிர்தப்பியோர். தற்காப்பு என்னும் சொல்லை அரசின் துமுக்கி எத்துணை எளிதாகச் சொல்லிவிடுகின்றது!

குற்றவியல் சட்டம் குடிமகனுக்கும் தற்காப்புரிமை தந்துள்ளது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும், 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் அது நிலைபெற்றுள்ளது. தேவைக்கு மேற்பட்ட ஊறு விளைத்தலாகாது என்பதும், காவலை நாடக் காலம் இருந்தால் அதனையே நாடுதல் வேண்டும் என்பதும் அவ்வுரிமையின் எல்லைகள். ஏழைக் குடிமகனுக்கு வகுத்த எல்லை, சீருடை அணிந்தவனுக்கும் எல்லையாதல் வேண்டும். அதுவே நடுநிலை.

பெருமக்களே! காப்பு என்பதைத் தமிழர் எவ்வாறு கண்டனர் என்பதற்குச் சான்று இம்மாவட்டத்து மண்ணிலேயே நிற்கின்றது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தொல்லியல் துறை 1972-இல் தொகுத்து வெளியிட்டது. எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் நிறுத்தப்பெற்ற கல்லில், தொறு காத்து வீழ்ந்த மறவன் ஒருவனோடு கோவிவன் என்னும் நாயும் பொறிக்கப்பெற்றுள்ளது. கள்வர் இருவரைக் கடித்து நின்றதாம் அந்நாய். அக்கற்கள் தன் பெட்டியைக் காத்தவனுக்கு எழுப்பப்பெறவில்லை. ஊரின் ஆநிரையைக் காத்தவனுக்கு எழுப்பப்பெற்றன. தனக்காக ஏந்திய படைக்கலத்திற்குக் கல்லில்லை. ஊர்க்காக நின்றவனுக்கே கல்.

ஆகலின், தமிழ்மக்கள் அரசை நோக்கிக் கேட்க வேண்டுவன தெளிவானவை. செல்வர்க்கும் அரசியலார்க்கும் பெருமைக்குறியாகத் துமுக்கி உரிமம் வழங்குதல் நிறுத்தப்பெறல் வேண்டும். எவர்க்கு, எக்கரணியத்தால் வழங்கப்பெற்றது என்பது மக்களுக்கு வெளிப்படல் வேண்டும். மலையூர்களுக்கே அலுவலர் சென்று, பயிர்க்காப்பு உரிமம் வேண்டுவோர்க்கு அதனை வழங்கியும், வேண்டாதார் ஒப்படைத்த கருவிக்கு வழக்குப் போடாமலும், பன்றியால் அழிந்த பயிர்க்குக் காலந்தாழ்த்தாது இழப்பீடு தந்தும் அம்மக்களைக் காத்தல் வேண்டும். முறைகேட்டை வெளிப்படுத்துவோர் காப்பு வேண்டிக் கேட்டால், கேட்ட அன்றே அது கிடைத்தல் வேண்டும். காவலர் புரியும் குற்றத்தை அக்காவல்துறையே ஆராயாது, தனியமைப்பு ஆராய்தல் வேண்டும்.

மக்கள் தாமே செய்யவேண்டுவதும் ஒன்றுண்டு. பக்கத்து வீட்டில் கூக்குரல் எழுந்தால் கதவைத் தாழிடும் தெருவில், ஒவ்வொரு வீட்டிலும் துமுக்கி இருப்பினும் காப்பில்லை. கூக்குரல் கேட்டதும் பத்துக் கதவுகள் திறக்கும் தெருவில் துமுக்கிக்குத் தேவையில்லை. சாதியால் பிரிந்து கிடக்கும் ஊரை எந்தக் கருவியும் காவாது. ஒன்றுபட்ட ஊரின்முன் எந்தக் கொடியவனும் நில்லான்.

ஊர் ஒன்றுபடுக! முறை நிலைபெறுக!