முருகன் பெண் எடுத்த வீடு



இலங்கையிலுள்ள கதிர்காமத்துக்குப் போய்வந்தேன். அங்கே மூலவரைக் காண முடியாது. திரையைத்தான் கும்பிட்டு வருகிறோம். பூசை செய்பவர் ஐயர் அல்லர்; கப்புறாளைமார் வாயைத் துணியால் கட்டி, மௌனமாகப் பூசிக்கிறார்கள். அக்காட்டு வேடர்கள் வள்ளியைத் தங்கள் குலப்பெண் என்கிறார்கள். ஆடித் திருவிழா இரவுகளில், மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதுபோல, யானைமேல் பேழை வள்ளி கோயிலுக்குப் போகிறது!

ரவாங் பிள்ளைகளே, நம் பத்துமலைக்கு முருகன் வருமுன்பே, தெமுவான் பூர்வகுடியினர் அக்குகைகளில் தங்கியதுண்டு. அவர்களைக் கண்டால் "காட்டான்" என்று கேலி பேசாதீங்க. பெற்றோர்களே, வீட்டிலும் அந்தச் சொல் வேண்டாம். காட்டுக் குடிசைதானே முருகன் பெண் எடுத்த வீடு!