உறக்கத்தில் மூச்சுத்தடை: பொதுப்பணம் எதை வாங்குகிறது?

(கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்திய உரை)



குறட்டையை நம் வீடுகளில் கேலிப்பொருளாகவே கருதி வந்திருக்கிறோம். ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் என எண்ணுவோரும் உளர். ஆனால் குறட்டை திடீரென அடங்கி, மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்று, பின் திணறலோடு மீளுமாயின், அதனை நோயின் அறிகுறியாகவே கொள்ள வேண்டும். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுவழியை அடைத்துவிடுகின்றன. மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு 15 முறையை எட்டினால் நடுத்தரம், 30-ஐ எட்டினால் கடுமை என மருத்துவர்கள் வகுத்துள்ளனர். இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வெளியான மதிப்பீடு, வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கூறுகிறது.

மூச்சு தடைப்படும் ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை விழித்து உடலை உலுக்குகிறது. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. இரவில் இயல்பாகத் தணிய வேண்டிய அழுத்தம் தணிவதில்லை. பல மருந்துகள் உட்கொண்டும் அழுத்தம் கட்டுக்குள் வராதவர்களிடையே இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரோட்டீனும் இவர்களிடம் உயர்ந்திருப்பதுண்டு. எனினும் அதில் உடற்பருமனின் பங்கு எவ்வளவு, மூச்சுத்தடையின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிதல் எளிதன்று.

முகமூடி வழியே இடைவிடாது காற்றைச் செலுத்தி, தொண்டை மூடாமல் காக்கும் சிபேப் கருவியை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்தினார். அணிந்த இரவிலேயே மூச்சுத்தடை பெரிதும் நீங்குகிறது. இரத்த அழுத்தமும் சராசரியாக 2 அல்லது 3 மில்லிமீட்டர் குறைகிறது. ஆகவே மாரடைப்பும் குறையும் என எதிர்பார்ப்பது இயற்கையே.

அந்த எதிர்பார்ப்பை, முன்னரே இருதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ கண்ட 2,717 பேரிடம் சோதித்தது 2016-இல் வெளியான ‘சேவ்’ ஆய்வு. இந்தியா உள்ளிட்ட 7 நாடுகளில் அது நடைபெற்றது. மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் ஆகியவை கருவியால் குறைந்ததாக அதில் நிறுவப்படவில்லை. பகல்நேரத் தூக்கச் சோர்வு குறைந்தது. மனநிலையும் வாழ்க்கைத்தரமும் மேம்பட்டன. கருவியை அவர்கள் அணிந்திருந்ததோ சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே!

மின்துறைக் கணக்குகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. 4 மணிக்கு மேல் அணிந்தவர்களிடையே பக்கவாதம் குறைவாக இருந்தது உண்மைதான். ஆனால் கருவியை ஒழுங்காக அணிபவர், மாத்திரையையும் ஒழுங்காக உட்கொள்பவராக இருக்கக்கூடும். பலன் கருவியினுடையதா, ஒழுங்கினுடையதா என்பதை அவ்வெண்ணிக்கை சொல்லாது.

எனவே எத்தனை கருவிகளுக்கு அனுமதி வழங்கினோம் என்ற எண்ணிக்கையை நான் பெரிதாக மதிப்பதில்லை. அணிந்த மணிநேரத்தைப் பெரும்பாலான கருவிகள் தாமே பதிவு செய்கின்றன. அப்பதிவைப் பார்ப்பதற்கும், காற்று கசியும் முகமூடியை மாற்றித் தருவதற்கும், முதல் சில வாரங்களில் நோயாளியை அழைத்து விசாரிப்பதற்கும் ஓர் ஊழியர் வேண்டும். கருவிக்குப் பணம் ஒதுக்குமிடத்தில் இவ்வூழியரின் ஊதியத்தையும் சேர்த்தே ஒதுக்குதல் வேண்டும். மின்தடை மிகுந்த ஊர்களில் மின்கலத்தின் விலையும் சேரும். உடல் எடையைக் குறைத்தலும், சிலருக்கு ஒருக்களித்துப் படுத்தலும் துணைபுரியும். இவற்றுக்கு மானியம் கேட்டு எவரும் கோப்பு அனுப்புவதில்லை!

முன்னுரிமை யாருக்கு? இருதயத்துக்கான பலன் உறுதிப்படாத நிலையில், உறுதிப்பட்ட பலனிலிருந்து தொடங்குவதே முறை. பகல் உறக்கம் குறைவது அத்தகைய பலன். அலுவலகத்தில் நான் கண்ணயர்ந்தால் ஒரு கோப்பு தாமதமாகும். நெடுஞ்சாலையில் சரக்குவண்டி ஓட்டுநர் கண்ணயர்ந்தால் எதிரே வரும் பேருந்திலுள்ளோர் மாள்வர். ஓட்டுநருக்குக் கண் பரிசோதனை செய்யும் இடத்திலேயே குறட்டை, பகல் தூக்கம், கழுத்தின் சுற்றளவு ஆகியவற்றையும் விசாரிக்கலாம். ஐயத்திற்கிடமானோருக்கு வீட்டிலேயே ஓரிரவுச் சோதனை நடத்தலாம். ஆனால் உண்மையைச் சொன்னால் உரிமம் போய்விடும் என்ற அச்சம் இருக்கும்வரை எந்த ஓட்டுநரும் வாய் திறக்கமாட்டார். சிகிச்சை ஏற்றுத் தேறியவர் மீண்டும் வண்டி ஓட்டலாம் என்ற உறுதியும், இடைப்பட்ட நாட்களுக்கான கூலியும் அவருக்கு முன்கூட்டியே கிடைத்தாக வேண்டும்.