நாற்பது வயதில் ஒரு கோச்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையிலோ வேலை பார்க்கும் ஒருவர், நாற்பது வயதில் ஓட ஆசைப்படுகிறார். “இந்த வயசுல கோச் எதுக்கு?” என்பார்கள் வீட்டில். இந்த வயதில்தான் கோச் அவசியம்.

நியூசிலாந்தின் ஓட்டக் கோச் ஆர்தர் லிடியார்ட்டும் ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்தான். தானே ஓடி ஓடிக் கற்றதைத் தன் பகுதிப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய சீடர்கள் இருவர் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள்: பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில், முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரில். அதே லிடியார்ட்தான் பிறகு ஆக்லாந்தில், இதய நோய் கண்ட நடுவயதினரையும் மெதுவாக ஓட வைத்தார். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும் என்பது அவர் பாடம்.

புதிதாக ஓடுபவருக்கு மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்காகும். அந்த இடைவெளியில் அவசரப்பட்டால் முழங்கால் வலி வரும். அந்த அவசரத்தைத் தடுப்பதுதான் கோச்சின் முதல் வேலை.

கோச்சுக்குப் பணம் கட்டுமுன் மூன்று விஷயம் பாருங்கள். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம் போன்ற இடத்தில் முறையாகப் பயின்றவரா? உங்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய காயம் பற்றி விசாரித்தாரா? நைட் ஷிப்ட் வாரத்தில் பயிற்சியைக் குறைக்கிறாரா?

கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால், 2006இல் தொடங்கிய சென்னை ரன்னர்ஸ் போன்ற ஓட்டக் குழுக்களில் அனுபவசாலிகளோடு சேர்ந்து ஓடலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். பிறகு நிதானமாக ஓடுங்கள்.