பட்டணத்திற்குக் குடி வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது

(திருவொற்றியூரில் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் பேசியதன் சாரம்)



இன்று நம்மைப் பேசச் சொன்ன விஷயம் சாமியைப் பற்றியதும் அல்ல, சாஸ்திரத்தைப் பற்றியதும் அல்ல. சொற்பச் சம்பளத்தை நம்பி, முன்பின் தெரியாத இந்தப் பட்டணத்திற்குப் பெண்டு பிள்ளைகளோடு குடி வருகிறவன் எப்படிக் காலந்தள்ளுவது என்பதுதான் விஷயம். ஆனாலும் சாமியும் சாஸ்திரமும் நாம் கூப்பிடாமலே இதற்குள் வந்து உட்கார்ந்துகொள்வதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்பீர்கள்.

முதலாவது, வந்தவன் கூச்சப்பட வேண்டியதில்லை. ராயபுரத்தில் 1856ல் ரயில் நிலையம் திறந்து ஆற்காட்டுப் பக்கம் வண்டி விட்டார்கள். தென்னாட்டில் பிரயாணிகள் ரயில் ஓடியது அதுதான் முதல். அன்று முதல் இந்தக் கடலோரம் வெளியூர்க்காரன் கையால்தான் வளர்ந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன் எந்த ஊர்க்காரன்? தீப்பெட்டி ஆலைக்கு வந்தவன் எந்த ஊர்க்காரன்? அந்த ஆலையின் பேர்தான் இன்று விம்கோ நகர் என்று ரயில் நிலையத்தில் எழுதியிருக்கிறது. 1946ல் இதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகள் ஊதும் பலூன் செய்ய ஆரம்பித்த தொழில்தான் பிறகு எம்.ஆர்.எப். டயர் தொழிற்சாலையாக வளர்ந்தது. இங்கே பூர்வீகம் பேசுகிற யோக்கியதை யாருக்காவது உண்டென்றால் அது கடலோரத்து மீனவர்களுக்குத்தான். மற்ற நாமெல்லாம் நேற்று வந்தவர்கள், அல்லது முந்தாநாள் வந்தவர்கள். முந்தாநாள் வந்தவன் நேற்று வந்தவனைப் பார்த்து “ஊரான்” என்கிறான், அவ்வளவுதான்.

இனி வீட்டுச் சங்கதிக்கு வருவோம். வருகிறவன் முதலில் கேட்பது “வாடகை எவ்வளவு?” என்பது. அது நியாயந்தான். ஆனால் அதோடு கேள்வியை நிறுத்திவிடுகிறானே, அங்கேதான் ஏமாறுகிறான். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். ரயிலடிக்குப் பக்கத்தில் 6,000 ரூபாய் வாடகையில் ஒரு வீடு. எங்கோ உள்ளே தள்ளி 4,000 ரூபாயில் ஒரு வீடு. இரண்டாவதைப் பிடித்தவன் 2,000 ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்படுகிறான். அங்கிருந்து வேலைக்குப் போய்வர ஷேர் ஆட்டோவுக்கு நாளைக்கு 60 ரூபாய் என்றால் 26 நாளைக்கு 1,560. குழாயில் தண்ணீர் வராமல் கேன் தண்ணீர் வாங்கினால், கேன் 35 ரூபாய் வீதம் 15 கேனுக்கு 525. மிச்சமான 2,000 போய், மேற்கொண்டு 85 ரூபாய் நஷ்டம். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் தெருவில் போகிறதே, அதற்கு யார் கூலி கொடுப்பது? ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்தால் கும்மிடிப்பூண்டி வண்டிக்குச் சீசன் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் காசில்லை. ஆகையால் வீட்டிலிருந்து பஸ் நிற்குமிடம் எத்தனை அடி என்பதையும் வாடகையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

ஆனால் நம்மவர் எண்ணுவது என்ன? வாசல் எந்தத் திக்கு? இன்றைக்கு என்ன நட்சத்திரம்? ஆடியில் குடி போகலாமா, மார்கழியில் பால் காய்ச்சலாமா? இதுதான் எண்ணம். ஒண்டிக் குடித்தன வீட்டில் எதிரும் புதிருமாக எட்டு வாசல் இருக்கிறது. நாலு கிழக்கே பார்க்கிறது, நாலு மேற்கே பார்க்கிறது. கிழக்கு வாசல்காரனுக்கு மாத்திரம் ஆலையில் சம்பளம் உயர்ந்ததை யாராவது கண்டதுண்டா? பால் காய்ச்சுவதில் நமக்கு ஆட்சேபணையில்லை. காய்ச்சிய பாலைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டால் சரி. ஆனால் ஆடி மாதம் எல்லாரும் பயந்து வீடு மாறாமல் இருப்பதால் காலி வீடு பூட்டிக் கிடக்கிறது, வீட்டுக்காரரும் பேச்சில் கொஞ்சம் இறங்கி வருகிறார். தை பிறந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் கிளம்பினால் அவர் ஏன் இறங்குவார்? பயப்படுகிறவனுக்குத்தான் விலை ஏறுகிறது.

பார்க்க வேண்டிய மாதம் ஒன்று உண்டு. அதைப் பஞ்சாங்கம் சொல்லாது. ஐப்பசி, கார்த்திகையில் போய் வீட்டைப் பாருங்கள். முடியாவிட்டால் சுவரைப் பாருங்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று சுவரே கோடு போட்டு வைத்திருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி ஆலைப் பக்கத்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் பரவிற்று. வீட்டுக்குள் வந்தது மழைத்தண்ணீர் மாத்திரமல்ல, எண்ணெயுந்தான். படகும் வலையும் கறுத்துப் போய் மீனவர்கள் தொழிலில்லாமல் கிடந்தார்கள். அதே மாதம் 26ந் தேதி நடு இரவில் பெரியகுப்பத்தில் ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அங்கே குடியிருந்தவர்களில் நல்ல நேரம் பார்த்துக் குடி புகுந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். வாயு அவர்களை மாத்திரம் விலக்கிக்கொண்டு போகவில்லை. செப்பாக்கத்துப் பக்கம் போனால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குட்டையைக் காணலாம். காற்றடித்தால் சோற்றில் விழுவது என்ன என்று அங்கிருக்கும் தாய்மார்களைக் கேளுங்கள். இப்படிப்பட்ட இடத்தில் வாடகை ஏன் குறைவு என்பதை வீட்டுத் தரகர் சொல்லமாட்டார். ஒரு மாத வாடகையைத் தரகாக வாங்குகிறவர் அதை ஏன் சொல்வார்? அங்கே இருக்கிறவர்கள் அறியாமையால் இருக்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. வேறிடத்தில் கொடுக்கப் பணமில்லாததால் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சுத்தமான காற்றைக் கொடுக்க வேண்டியது ஆலைக்காரர் கடமை, சர்க்கார் கடமை. அதைக் கேட்பது வேறு கூட்டத்திற்குரிய பேச்சு.

வீடு பார்க்க ஆண்பிள்ளை மாத்திரம் போகிறதும் நமக்குப் பிடிக்காத வழக்கம். அவன் போய்க் கூரையைப் பார்த்து, வாடகையைப் பேசி, முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறான். குடத்தைத் தூக்குகிறவள் யார்? காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் செய்யக்கூடியது. ஆலை இருப்பது வேறு, நம் தெருக் குழாயில் எத்தனை மணிக்கு வருகிறது என்பது வேறு. 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது லாரிக்காக இரவெல்லாம் குடத்தை வரிசை வைத்தவள் பெண்தான். கக்கூஸ் எத்தனை குடித்தனத்திற்கு ஒன்று, அதற்குத் தாழ்ப்பாள் உண்டா, ராத்திரியில் விளக்கு உண்டா என்பதெல்லாம் அவள் கேட்க வேண்டிய கேள்விகள். ஆகவே அவளை முன்னே போகவிட்டு, அவள் சரி என்றால் பணத்தை எடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் வீட்டுக்காரர் வாயிலிருந்து ஒரு கேள்வி வரும்: “நீங்க என்ன ஆளுங்க?” கொஞ்சம் நாகரிகம் உள்ளவரானால், “நீங்க சைவமா?” என்பார். கடலோரத்தில் வீட்டைக் கட்டிக்கொண்டு மீன் வாடை ஆகாது என்கிறவரின் மூக்கு எப்படிப்பட்ட மூக்கோ தெரியவில்லை! தோழர் அம்பேத்கர் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917ல் பரோடா சமஸ்தானத்து உத்தியோகத்திற்குப் போனார். அந்த ஊரில் அவருக்கு ஒண்ட ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சிகள் விடுதியில் பேரை மாற்றிச் சொல்லித் தங்கினார். சங்கதி வெளியானதும் தடியோடு ஆட்கள் வந்து நின்றார்கள். உத்தியோகத்தை விட்டுப் பம்பாய்க்குத் திரும்பினார். அவ்வளவு படித்தவருக்கே அந்தக் கதி என்றால் படிக்காத கூலிக்காரன் கதி என்ன? நூறு வருஷத்திற்கு மேலாகியும் அந்தக் கேள்வி மாத்திரம் சாகவில்லை.

இதற்குப் பயந்துகொண்டு நம்மவர் “நம்ம ஜாதிக்காரர்” தெருவைத் தேடிப் போகிறார்கள். தெரியாத ஊரில் அது ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் என்ன பலன்? 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உண்டாயிற்று. 1921ல் பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குப் போனார்கள். ஊரில் சேரியென்று ஒதுக்கியவனை மில்லில் மாத்திரம் “வா தோழா” என்றால் அவன் எப்படி நம்புவான்? புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின, வேலைநிறுத்தம் தோற்றது, முதலாளிக்கு ஒரு குறையும் வரவில்லை. கிராமத்தை மூட்டை கட்டிக்கொண்டு பட்டணம் வந்தவர்கள் கொடுத்த விலை அது.

வழியில்லையா என்றால் சட்டம் கொஞ்சம் இருக்கிறது. 2019 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. “வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்” என்ற மூன்று வார்த்தைச் சந்தில்தான் வீட்டுக்காரர் பத்து மாத முன்பணத்தைக் கொண்டுவந்து நுழைத்துவிடுகிறார். வட்டிக்கு வாங்கி அதைக் கொடுத்தவன், வாடகையும் கொடுத்து வட்டியும் கொடுக்கிறான். ஆகையால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். மின்சார விஷயத்தையும் கேளுங்கள். சர்க்கார் 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம் என்கிறது. எட்டுக் குடித்தனத்திற்கு ஒரே மீட்டரானால் அந்த இலவசம் வீட்டுக்காரருக்கு, யூனிட்டுக்கு அவர் சொல்லும் விலை உங்களுக்கு. தனி மீட்டர் உண்டா என்பதை முன்பணம் கைமாறுவதற்கு முன்னால் கேட்டால்தான் மரியாதை இருக்கும்.

கடைசியாக, இப்போது ஒரிசா, பீகார் முதலிய இடங்களிலிருந்து எண்ணூர், மீஞ்சூர்ப் பக்கம் வேலைக்கு வருகிற தோழர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஓர் அறையில் எட்டுப் பேரை அடைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறார்கள். அந்த எட்டையும் கூட்டிப் பார்த்தால் ஒரு முழு வீட்டு வாடகை வருகிறது. அவர்களுக்குப் பாஷை தெரியாது, கேட்க நாதியில்லை. ரங்கூனுக்கும் பம்பாய்க்கும் போன நம் பாட்டன்மார்களுக்கும் பாஷை தெரியாதுதான். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. அதில் சேர்ந்த கார்டு அவர்கள் கையில் இருந்தால் தங்கள் பங்கு அரிசியை இங்கேயே வாங்கலாம். இதை உங்கள் பக்கத்து அறைக்காரனுக்குச் சொல்ல இந்தி தெரிய வேண்டியதில்லை. கார்டைக் கையில் எடுக்கச் சொல்லிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனால் போதும்.

இனி யாருக்காவது சந்தேகம் இருந்தால் எழுந்து கேட்கலாம். முக்கியமாகத் தாய்மார்கள் கேட்க வேண்டும். எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்பது நம்மைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.