மூடின பங்கும் மூடாத கிணறும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன் பத்தி எல்லாரும் பேசிட்டாங்க. நான் தண்ணியைப் பத்திப் பேசுறேன். அதுல என் தப்பு ஒண்ணும் இருக்கு, அதையும் சொல்லிடுறேன்.

எங்க குழுவுல பன்னிரண்டு பேர். பாதிப் பேர் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல போறவங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி ரோட்டோரமா ஒரு இடம் குறைஞ்ச வாடகைக்கு வந்துச்சு. முன்னாடி பெட்ரோல் பங்க் இருந்து, மூடிப்போன இடம். அங்க ஏலக்காய் தரம் பிரிக்க ஒரு கொட்டகையும் ஒரு டீக்கடையும் போடலாம்னு தீர்மானம் எழுதினோம். வங்கியில கடன் மனுவும் கொடுத்தாச்சு.

இடம் பார்க்கப் போன அன்னைக்கு, சரிவுக்குக் கீழ இருந்த கிணத்துல தண்ணி இறைச்சு முகம் கழுவினேன். மண்ணெண்ணெய் மாதிரி வாடை. வாளித் தண்ணி மேல வானவில் நிறத்துல ஒரு படலம். எனக்குப் புரிஞ்சுச்சு, ஆனா வாயைத் திறக்கல. சொன்னா கடன் நின்னுபோகும், ஊக்குநர் நான்தானே, என்னைத்தான் கேப்பாங்கன்னு பயம்.

அந்தத் தண்ணியைத்தான் கீழ்வீட்டு மதினி கைப்பிள்ளைக்குக் காய்ச்சிக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு வாரம் கழிச்சு, "எம்புட்டுக் காய்ச்சினாலும் வாடை போகமாட்டேங்குது மதினி"ன்னு அவங்களே சொன்னப்ப எனக்கு நெஞ்சை அடைச்சுது. அன்னைக்குச் சாயங்காலமே குழுவைக் கூட்டி உண்மையைச் சொன்னேன். திட்டு வாங்கினேன். ஆனா யாரும் அந்தத் தீர்மானத்தைப் பிடிச்சுத் தொங்கல.

அதுக்கப்புறம் அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

பங்கில் எண்ணெய்த் தொட்டி மண்ணுக்குள் இருக்கும். பழைய இரும்புத் தொட்டியும் குழாயும் துருப்பிடித்துச் சொட்டுச் சொட்டாகக் கசியும். எண்ணெய் மண்ணுக்குள் இறங்கி, நீர்மட்டம் வந்ததும் அதன் மேல் மிதக்கும். அதில் ஒரு பகுதி தண்ணீரில் கரைந்து, தண்ணீர் போகும் பக்கமே போகும். நம்ம மலையில பாறை வெடிப்பு வழியா இறங்கும். அதனால மேல கசிஞ்சது கீழ ஊத்துல தெரியலாம்.

பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் நூற்றுக்கு ஒன்று வரை இருக்கலாம். அது புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கணக்குப் போட்டா, ஒரு லிட்டர் பெட்ரோல்ல இருக்கிற பென்சீனே 50,000 குடம் தண்ணியைக் கெடுக்கப் போதும். மூக்குக்குத் தெரியாத அளவுலயே அது வரம்பைத் தாண்டிடும். அதனால வாடை இல்லைன்னா நல்ல தண்ணின்னு நினைச்சிடாதீங்க.

இடத்தைச் சோதிக்கிறவங்க முதல்ல தொட்டி, குழாய், பம்பு எங்கெங்க இருந்துச்சுன்னு கேப்பாங்க. அந்த இடங்களில் துளை போட்டுப் பல ஆழங்களில் மண் எடுப்பார்கள். குறைந்தது மூன்று இடங்களில் நீர்மட்டத்தை அளந்தால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும். தண்ணீரைச் சிறு கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, குளிர வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். காற்று இருந்தால் பென்சீன் ஆவியாகிவிடும்.

ஜல் ஜீவன் திட்டத்துல ஊருக்கு அஞ்சு பெண்களுக்குத் தண்ணி சோதிக்கப் பயிற்சி கொடுக்குறாங்கள்ல, அந்தப் பெட்டியில கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு பார்க்கலாம். பெட்ரோலைப் பார்க்க முடியாது.

இது நம்ம ஊருக்கு மட்டும் வந்ததில்ல. 2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்தது. மண்ணுக்கடியில் போன எண்ணெய்க் குழாய்தான் கசிந்தது. அங்கே மக்கள் விடாமல் புகார் செய்ததால் விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல், பாலாற்றுத் தோல் தொழிற்சாலை வழக்கிலேயே சொல்லியிருக்கிறது.

நீங்க செய்ய வேண்டியது இதுதான். படலத்தைக் குச்சியால கலக்கிப் பாருங்க. தகடு மாதிரி உடைஞ்சா பெரும்பாலும் இரும்புக் கறை. மறுபடி ஒண்ணு சேர்ந்தா எண்ணெய். வாடை வந்தா குடிக்காதீங்க, சமைக்காதீங்க. காய்ச்சினா ஆவி அடுப்படியில நிறையும். கிணத்துப் பக்கம் தீக்குச்சி கொளுத்தாதீங்க. தேதி போட்டு எழுதி, ஊராட்சிக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்துக்கும் மனுக் கொடுங்க, ரசீது வாங்குங்க. பழைய பங்க் இடத்தை வாடகைக்கு எடுக்கிறவங்க, தொட்டியைக் காலி பண்ணி எடுத்ததுக்குக் காகிதம் கேளுங்க.

எங்க மனுவுக்குப் பிறகு மண்ணையும் தண்ணியையும் சோதிச்சாங்க. தொட்டி இருந்த பக்கம் மண்ணுல எண்ணெய் இருந்துச்சு. கிணத்தை மூடிட்டாங்க, மதினி வீட்டுக்குக் குழாய்த் தண்ணி வந்துருச்சு. மண்ணு இன்னும் சுத்தமாகல. அதுக்கு மனு எழுதிக்கிட்டே இருக்கோம். அந்தக் கடனையும் விட்டோம். மறுவருஷம் வேற இடத்துல கொட்டகை போட்டோம்.

ஆனா நான் வாயை மூடிக்கிட்டு இருந்த ரெண்டு வாரம் திரும்பி வராது. அந்தப் பிள்ளை நல்லா இருக்கான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். குழுக் கூட்டத்துல கணக்கு நோட்டைத் திறக்குறதுக்கு முன்னாடி, "யார் வீட்டுத் தண்ணியில என்ன மாத்தம்?"னு ஒரு கேள்வி கேளுங்க. நாங்க இப்ப அப்படித்தான் ஆரம்பிக்கிறோம்.