மணலில் எழுதிப் பழகுவோம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



திண்ணைப் பள்ளியில் நம் முன்னோர் ஏட்டைத் தொடுமுன் மணலில் விரலால் எழுதிப் பழகினர். பிழைத்தால் அழித்து எழுதலாம், ஏடு பாழாகாது. கணினி வலையமைப்புத் துறையை நாடும் குறிஞ்சிப்பிட்டி இளைஞராகிய நமக்கும் இன்று அத்தகைய மணல் உண்டு.

சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.ஐ.ஈ. செய்முறைத் தேர்வு 8 மணி நேரம் நடப்பது. 2020 முதல் அதில் 3 மணி நேரம் திட்டமிடலுக்கு. 5 மணி நேரம் அமைத்து இயக்குதற்கு. அதற்கு வேண்டிய ரௌட்டர்களை வாங்கிப் பயில்வது நம்மனோர்க்கு எளிதன்று.

2005இல் கிறிஸ்டோஃப் ஃபியோ என்பார் டைனமிப்ஸ் என்னும் மென்பொருளை ஆக்கத் தொடங்கினார். அது ரௌட்டர் இயந்திரத்தையே கணினிக்குள் உருவகித்து, ரௌட்டரின் மெய்யான இயக்க மென்பொருளை ஓடச்செய்கிறது. அதனைத் துணைக்கொண்டு பிறந்த ஜி.என்.எஸ்.3, ரௌட்டர்களைத் திரையில் படமாக இணைக்க உதவும். பாக்கெட் டிரேசரோ ரௌட்டரின் நடத்தையை மட்டும் பாவனை செய்வது. தொடக்க நிலையினர்க்கு அது போதும்.

ஆனால், விடையைப் பார்த்துக் கட்டளைகளைத் தட்டுவது பயிற்சியாகாது. ஒருவர் வலையமைப்பைக் கெடுத்துவைக்க, மற்றவர் நேரம் குறித்துத் திருத்துக. ஓ.எஸ்.பி.எஃப். முறையில் அயல் ரௌட்டர் சேரவில்லையா? இரு முனையிலும் ஏரியா எண்ணும் ஹலோ இடைவெளியும் ஒத்துள்ளனவா என்று தேடுக. தேர்வு கேட்பது இந்தத் தேடலையே.

இன்னொன்று. டைனமிப்ஸ் இலவசம், சிஸ்கோவின் இயக்க மென்பொருள் அவ்வாறன்று. உரிமையின்றிப் பிரதிசெய்து பெறும் சான்றிதழ் நமக்குச் சிறப்பாகாது. சிஸ்கோவே தரும் மாடலிங் லாப்ஸ் உரிமத்தோடு கிடைப்பது.

வாரம் ஒரு மாலை இருவர் இருவராய்க் கூடுவோம். பொருளில்லை என்று கல்வி நிற்க வேண்டுவதில்லை.